ஏதாவது ஒரு பட்டன்

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் டிப்போவின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவள் பட்டன் அக்கா. டிரைவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், கண்டக்டர்களும் அப்படித்தான். ஒருமுறை மேனேஜரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமிச் சமாளித்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. நாளைக்கு எந்த பஸ்ஸை யார் ஓட்டுவது, எத்தனை மணிக்கு எடுப்பது என்ற ட்யூட்டி லிஸ்ட் தினமும் அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்துதான் வரவேண்டும். மதியம் இரண்டரைக்கு, கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிவைத்த ஒரு பேட்ச் ஃபைலை அவள் க்ளிக் செய்வாள். கருப்புத் திரை ஒன்று விரியும், வெள்ளை எழுத்துகள் ஓடும். யார் யார் லீவு என்பதை ஓரிடத்திலிருந்து எடுக்கும், எந்தெந்த பஸ் பழுது என்பதை இன்னோரிடத்திலிருந்து எடுக்கும், பழைய லிஸ்டை அழித்துப் புதியதைக் கட்டி பிரிண்டருக்கு அனுப்பும். எல்லாவற்றையும் அதுவே செய்யும். ஆனால் நடுநடுவே நின்றுகொண்டு கேட்கும்.

'இதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, அதன் மேலேயே எழுதிவிடலாமா?' என்று மூன்று முறை. 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று ஒரு முறை. இன்னும் மூன்று முறை, கேட்பதற்கு ஒன்றும் இல்லாமலேயே, 'தொடர ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மரம் மாதிரி நிற்கும். ஆக மொத்தம் ஏழு.

ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். நான்கு நிமிடமும் ஆகும், இருபது நிமிடமும் ஆகும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது நின்றிருந்தால், நின்ற நேரம் நின்றதுதான். அதனால் இரண்டரையிலிருந்து நான்கு வரைக்கும் நாற்காலியை விட்டு அவள் அசைவதில்லை. ஏழு வருடமாக இப்படி. அந்த ஏழு வருடத்தில் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் அவள் பேச்சைக் கேட்காத விரலாகிவிட்டது. கீபோர்டின் நீளப் பட்டன் மேல் தட்டித் தட்டிப் பழகியது, பஸ் கம்பியிலும் தட்டியது, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பிலும் தட்டியது. "உன் விரலுக்கு ஒரு நாள் லீவு குடேன்மா, சத்தம் தாங்கல" என்று அண்ணி கும்பிடு போடும் அளவுக்கு.

டிப்போவில் ஹார்ன் என்று ஒரு டிரைவர். அவர் குரலுக்கு பஸ்ஸில் தனியாக ஹார்ன் தேவையில்லை. அவளைவிட எட்டு வயது மூத்தவர், ஆனால் அவருக்கும் அவள் அக்காதான். ட்யூட்டி அறை ஜன்னலில் தலையை நீட்டி வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார்.

"ஒரு பட்டன அமுக்க ஒரு ஆளு, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன்! நாங்களும்தான் நாள் பூரா பிரேக்க அமுக்குறோம். எங்களுக்கு ஃபேன் இருக்கா?"

"உங்களுக்கு ஜன்னல் இருக்குல்ல அண்ணே, தலைய நீட்டுறதுக்கு."

"நீட்டத்தானே செய்யுறேன்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

ஆறு மாதத்துக்கு முன்புவரை அவளுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. அதன் பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது.

அண்ணன் பழைய மேஜை நாற்காலிகளை ஏலம் விடுகிற கூடத்தில் ஏலம் கூறுபவர். கால் உடைந்த பீரோவைக்கூட அரண்மனைச் சொத்து மாதிரி பேசி விற்றுவிடுகிற வாய். ஒரு நாள் காலையில் அந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கால் மெதுவாகத் திரும்பி வந்தது, வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றால் "சரி." பசிக்கவில்லையா என்றால் அதற்கும் "சரி." வெயில் கொளுத்தும்போது மழை பெய்கிறதா என்று கேட்டாலும் "சரி."

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணி. முதல் நாளே அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"திரும்பி வர்றது பெரும்பாலும் முதல் வருஷத்துலதான் வரும். ஆறு மாசம் போயிடுச்சு. இங்க முப்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. மூணு தடவ லேட்டா வந்தா உங்க இடத்த அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன். கூட வர்றவங்க கடைசி வரைக்கும் உட்காரணும், பாதியில எழுந்து போனா அதுவும் லேட்டுதான். வீட்டுல பயிற்சி குடுக்கப் போறது நீங்கதானே?"

அண்ணிக்கு நூல் ஆலையில் ஆறு மணி வரை வேலை, நடுவில் விடமாட்டார்கள். கூட வருகிறவள் இவள்தான். நான்கு மணிக்குப் பயிற்சி. நான்கு மணிக்குத்தான் ஏழாவது கேள்வி. விரலைப் பட்டனிலும் காலை வாசலிலும் வைத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் இரண்டு தடவை லேட்டாகிவிட்டது. டாக்டரின் நோட்டில் அண்ணன் பெயருக்கு எதிரே இரண்டு சிவப்புப் பெருக்கல் குறிகள். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாவது தரம் என்றால் என்ன ஆகும் என்பதை ஏலக்காரர் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மேனேஜரிடம் கேட்டாள்.

"வாரத்துல ரெண்டு நாள் மூணேகாலுக்குப் போங்கம்மா, நான் வேண்டாங்கல. ஆனா அஞ்சு மணிக்கு லிஸ்ட் போர்டுல இருக்கணும். விடிகாலை வண்டிக்காரங்க அதப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. வேற யாரையாவது உட்கார வையுங்க."

வேறு யாரையாவது உட்கார வைத்தும் பார்த்தாள். டயர் ஸ்டோர்காரர் நல்ல மனிதர், சம்மதித்தார். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று திரை கேட்டதும் வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டார். "அழிக்கிறதுன்னாலே எனக்குக் கை வராதும்மா" என்றார் மறுநாள். முந்தின நாள் லிஸ்டே மறுபடியும் வந்து, ஒரு பஸ்ஸின் படியில் இரண்டு டிரைவர்கள் நின்று 'நீ இறங்கு, நீ இறங்கு' என்று சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை காலை, ஒல்லி என்று டிப்போவில் எல்லோரும் கூப்பிட்ட பையனுக்கு அவள் போன் செய்தாள். அந்த ஃபைலை எழுதியவன் அவன். இப்போது வேறு ஊரில் வேறு வேலை.

"அக்கா! அந்த ஃபைல் இன்னுமா ஓடுது?"

"ஓடுது. ஏழு இடத்துல உட்கார்ந்து உட்கார்ந்து ஓடுது. அந்தக் கேள்வியெல்லாம் இல்லாம பண்ண முடியுமா?"

"முடியுமே. எக்ஸ்காப்பின்னு இருக்குற மூணு வரியில ஸ்லாஷ் ஒய் சேருங்க, கேக்காம எழுதிடும். அழிக்கிற வரியில ஸ்லாஷ் க்யூ. மிச்சம் மூணும் பாஸ், 'நில்லு'ன்னு சொல்ற வரி. அது நான் டெஸ்ட் பண்றதுக்காக வச்சது அக்கா. எடுக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"ஏழு வருஷமா மறந்துட்டியா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. அந்த வரியவே எடுத்துடுங்க. இல்லன்னா பக்கத்துல நல் போட்டுடுங்க, 'ஒண்ணுமில்ல'ன்னு அர்த்தம், அதுலயும் வேலை முடிஞ்சிடும். வண்டி வந்துடுச்சு, ஏறணும், வச்சிடறேன்."

அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒரு நோட்டை எடுத்து ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு, என்ன மாற்ற வேண்டும் என்று எதிரே எழுதிக்கொண்டாள். ஃபைலை நோட்பேடில் திறந்தாள். முதல் நான்கும் முடிந்தன. பாஸ் வரிகள் வந்தபோது கை தயங்கியது. ஒருவர் எழுதிவைத்த வரியை அப்படியே அழிப்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு பயம். டயர் ஸ்டோர்காரரைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, இந்த விஷயத்தில் அவளும் அவர் கட்சிதான். அழிக்க வேண்டாம், நல் போடுவோம் என்று முடிவு செய்தாள்.

எப்படிப் போடுவது? அதே ஃபைலில் வேறு சில வரிகளின் கடைசியில் ஒல்லியே போட்டிருந்தான். ஓர் அம்புக்குறி, மூக்கு வலது பக்கம் பார்த்தபடி, அதன் பக்கத்தில் நல். அதைப் பார்த்து மூன்று பாஸ் வரிகளிலும் எழுத்துப் பிசகாமல் எழுதினாள்.

சோதிக்காமல் விடுகிறவளும் அல்ல. எல்லாவற்றையும் வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்து, பதினொரு மணிக்கு ஓடவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். திரை ஓடியது. எதுவும் கேட்கவில்லை. மேலே எழுதலாமா என்று கேட்கவில்லை, அழிக்கலாமா என்று கேட்கவில்லை, பட்டனை அழுத்து என்றும் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு லிஸ்ட் வந்து விழுந்தது. நோட்டில் ஏழு டிக் போட்டாள். ஏழாவது டிக் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

வியாழக்கிழமை. இரண்டரைக்கு ஓடவிட்டாள். முதல் இரண்டு இடங்களும் கேள்வி கேட்காமல் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தாள். மூன்று பத்துக்குப் பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் ஹார்ன்.

"என்ன பட்டன் அக்கா, பகல்லயே வெளிய! பட்டன யாரு அமுக்குறது?"

"இனிமே அதுவே பாத்துக்கும்."

"அப்போ அந்த நாற்காலி?"

"ஆசையா இருந்தா நீங்க போய் உட்காருங்க அண்ணே."

"ஃபேனோடவா?"

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. வீடு நடந்து போகிற தூரம். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களை மட்டும் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் கீழிருந்து மேலாகப் போட்டுவிட்டாள். பஸ் உடனே வந்தது. சிக்னல்கூடப் பச்சையாக இருந்தது. முன் சீட்டுக் கம்பியில் விரல் தட்டிக்கொண்டே வந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு டாக்டரின் அறைக் கதவைத் திறந்தபோது, டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது டாக்டர்" என்றாள் அவள்.

பயிற்சி தொடங்கியது. டாக்டர் ஒரு சீப்பின் படத்தைக் காட்டினார்.

"இது குடையா?"

"சரி" என்றார் அண்ணன்.

"நல்லாப் பாருங்க. குடையா?"

அண்ணன் உதட்டைக் குவித்தார். ஏதோ வரப் பார்த்தது. அதற்குள் இவள், "இல்லல்ல அண்ணா, சீப்பு" என்று முந்திக்கொண்டாள்.

டாக்டர் படத்தை மேஜையில் வைத்தார். "நீங்கதான் அவருக்கு எப்பவும் பதில் சொல்றீங்க. அவர் வாயத் திறக்குறதுக்குள்ள சொல்லிடுறீங்க. கேட்டுட்டுக் காத்திருக்கணும். ஒரு நிமிஷம் ஆனாலும் சரி, பேசாம காத்திருக்கணும்."

காத்திருப்பது. உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் அவள் காத்திருந்ததெல்லாம், கேள்வி வந்த அடுத்த நொடி பட்டனை அமுக்குவதற்காக. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே கிடையாது.

நான்கு முப்பத்திரண்டுக்குப் பைக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. ஜிப்பை ஓரமாக விலக்கிப் பார்த்தாள். மேனேஜர். லிஸ்ட் வரவில்லை. வேறு எதற்கும் அவர் கூப்பிட மாட்டார். ஏன் வரவில்லை? நேற்று ஓடியதே. ஏழு டிக் போட்டாளே.

டக், டக், டக் என்று சத்தம் கேட்டது. எங்கிருந்து என்று பார்த்தாள். நாற்காலியின் மரக்கையில் அவள் விரல்தான் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போது புரிந்தது. நேற்று அந்தத் திரை எதிரே அவள் உட்கார்ந்திருந்தபோது இந்த விரல் எங்கே இருந்தது? அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான். நீளப் பட்டன் மேல். பாஸ் மூன்று முறையும் நின்றிருக்கிறது, மூன்று முறையும் விரல் அமுக்கியிருக்கிறது. சொந்த விரல் செய்த வேலை சொந்தக்காரிக்கே தெரியவில்லை. அவள் போட்ட நல், கேள்வியை நிறுத்தவில்லை. கேள்வியின் வாயை மட்டும் பொத்தியிருக்கிறது. இப்போது டிப்போவில், ஆளில்லாத அறையில், அது எதுவும் சொல்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

போன் மூன்றாவது முறை அதிர்ந்தது.

எழுந்து போனால் மூன்றாவது பெருக்கல் குறி. போகாவிட்டால் நாற்பது டிரைவர்கள். உட்கார்ந்த இடத்தில் அவள் உடம்பு பாதி எழுந்துவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அந்த ஒரு சொல் கிடைத்தால் போதும், பழியில் பாதியை அதன் மேல் போட்டுவிடலாம்.

"அண்ணா, டிப்போவுல பிரச்சன. இன்னிக்கு இதோட போயிடலாமா?"

டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார்.

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். இடது கையை மெதுவாக நகர்த்தி அந்த விரலின் மேல் வைத்தார். அறையில் தட்டுகிற சத்தம் நின்றது. பையில் போன் மட்டும் முனகியது. அண்ணனின் தொண்டை ஏறி இறங்கியது. உதடு ஒரு பக்கம் இழுத்து, திரும்பி, மறுபடி இழுத்தது. 'சரி' என்று அவளே சொல்லிவிட வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு தாண்டியது.

"இ..." என்றார் அண்ணன். நெற்றி வியர்த்தது. "இல்ல."

டாக்டரின் பேனா தாளைத் தொடாமல் நின்றது.

"இல்ல" என்றார் மறுபடியும். இந்த முறை சுத்தியலை மேஜையில் போடுகிற மாதிரி.

அவள் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"போன எடுங்க" என்றார். "ஆனா இங்கயே உட்கார்ந்து பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, அவரும் கேக்கட்டும். நாலு பேர் பேசறதக் கேக்குறதும் பயிற்சிதான்."

ஸ்பீக்கர் தேவையே இருக்கவில்லை. மேனேஜரின் போனைப் பிடுங்கிப் பேசியவர் ஹார்ன்.

"பட்டன் அக்கா! லிஸ்ட் எங்க? நாப்பது பேரு போர்டையே பாத்துக்கிட்டு நிக்கிறோம். போர்டுல ஆணி மட்டும்தான் இருக்கு!"

"கம்ப்யூட்டர்கிட்ட போங்க அண்ணே. என்ன தெரியுது?"

"கருப்பா இருக்கு. ஒரு சின்னக் கோடு மின்னிக்கிட்டு இருக்கு. ஒண்ணும் கேக்கலயே."

"கேக்காது. நான் அதோட வாய அடைச்சிட்டேன். ஆனா பதிலுக்குத்தான் நிக்குது. ஏதாவது ஒரு பட்டன அமுக்குங்க."

"எத?"

"ஏதாவது ஒண்ணு."

"ஏதாவதுன்னா எது? இங்க நூறு பட்டன் இருக்கேம்மா. தப்பா எதையாவது அமுக்கி, நாளைக்கு என் வண்டிய ஆளில்லாத ரூட்டுல போட்டுடுச்சுன்னா?"

"போடாது. கீழ நீளமா ஒண்ணு இருக்கும் பாருங்க."

"ஆமா, தேஞ்சு போயி கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு."

"அதுதான்."

டக் என்று கேட்டது. பிறகு போனுக்குள்ளிருந்து ஒரு டிப்போவே கத்தியது. "ஓடுது, ஓடுது!"

"இருங்க அண்ணே, போயிடாதீங்க. இன்னும் ரெண்டு தடவ நிக்கும்."

"எப்போ நிக்கும்?"

"அது சொல்ல முடியாது."

"நிக்கும்போது சொல்லுமா?"

"சொல்லாது. பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்போ நான் எந்திரிக்கவே முடியாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஹார்னுக்கே எல்லாம் விளங்கிவிட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வாழ்க்கையில் முதல் முறையாக அவர் குரல் தணிந்தது.

"இதையா நீ ஏழு வருஷமா செஞ்சுக்கிட்டு இருந்த?"

"உட்காருங்க அண்ணே. ஃபேன் சுவிட்ச் வலது பக்கம் இருக்கு."

பக்கத்தில் அண்ணனின் தோள் குலுங்கியது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

லிஸ்ட் போர்டுக்கு வந்தபோது மணி ஐந்து நாற்பது. மறுநாள் காலை மேனேஜர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். நடந்தது நடந்தபடி, நேரத்தோடு, தன் விரலின் பங்கையும் மறைக்காமல் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "சரி பண்ணிடுங்க, செவ்வாய்க்கிழமை மறுபடி போகணும்ல" என்று மட்டும் சொன்னார்.

ஒல்லி போனில் தலையில் அடித்துக்கொண்டான். சத்தம் இவளுக்கே கேட்டது.

"அம்பு எந்தப் பக்கம் பாக்கணும்னு நான் சொல்லலயே அக்கா! மூக்கு நல் பக்கம் இருந்தா, அது பேசறது மட்டும்தான் குப்பைக்குப் போகும், ஆள் நிக்கும். மூக்கு பாஸ் பக்கம் திரும்பணும். அப்பத்தான் உங்களுக்குப் பதிலா நல் பதில் சொல்லும்."

மூன்று அம்புகளையும் திருப்பிப் போட்டாள். நோட்டில் கடைசி மூன்று டிக்குகளையும் அடித்துவிட்டாள். நகல் ஃபோல்டரில் சோதனைக்குத் தயாரானாள். ஓடவிட்டாள். உடனே நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஹார்ன் ஜன்னலில் தலையை நீட்டினார். ஃபேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன அக்கா, கைய எங்க வச்சிருக்க?"

"பேசாதீங்க அண்ணே. பாருங்க."

திரை ஓடியது, நின்றது. 'தொடர ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்' என்ற வரி இந்த முறை வெளிப்படையாகவே வந்தது. தொடைக்கு அடியில் விரல் துள்ளியது. அவள் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள். வரி கண்ணெதிரே, யாரும் தொடாமலேயே, மேலே நகர்ந்து போனது. இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவது முறையும். பிரிண்டர் முனகித் தாளை இழுத்தது.

"அண்ணே, உள்ள வாங்க. அந்த நோட்டுல கடைசி மூணு வரியில டிக் போடுங்க. நான் இன்னும் கைய எடுக்கல."

ஹார்ன் உள்ளே வந்து நோட்டைத் திறந்தார். மேஜை மேல் பேனாக்கள் நிறைந்திருந்த டப்பாவைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"எந்தப் பேனா?"

"ஏதாவது ஒண்ணு" என்றாள் அவள்.